பாங்குக்கும் பாங்குக்கும் நடுவே
டீச்சர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். தொழுகிறோம், நோன்பு பிடிக்கிறோம், ஆனால் நாள் எப்படிப் போனது என்றே தெரியவில்லை, எதிலும் மனசு நிற்கவில்லை என்று. சரி, இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வழக்கமான எச்சரிக்கை: நான் மார்க்கம் படித்த ஆலிமா இல்லை. மேலப்பாளையத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். கூடுமா கூடாதா என்று சட்டம் கேட்பவர்கள் உங்கள் மஹல்லா பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போங்கள்.

*

கேள்வி: ஆப் ஒன்றுக்குச் சந்தா கட்டி, தினமும் பத்து நிமிஷம் மூச்சைக் கவனித்து உட்காருகிறேன். மனசு அடங்குகிறது. ஆனால் தொழுகையைத் தொடங்கத் தக்பீர் கட்டிய உடனே ஆபீஸ் முழுவதும் தலைக்குள் வந்துவிடுகிறது. என் தொழுகை வெறும் உடற்பயிற்சிதானா?
(ஐ.டி. ஊழியர், துரைப்பாக்கம்)

ஆப்பை நிறுத்தச் சொல்ல மாட்டேன் தம்பி. மூச்சைக் கவனிப்பதில் என்ன தப்பு? ஆனால் அங்கே கிடைப்பதையே இங்கேயும் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தொழுகையில் மனசைக் காலி செய்யச் சொல்லவில்லை. ஒருவன் முன்னால் போய் நிற்கச் சொல்லியிருக்கிறது.

ஆபீஸ் வந்து குறுக்கே நிற்பது உங்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. நபித்தோழர் உஸ்மான் பின் அபில் ஆஸ் (ரலி) நபி (ஸல்) அவர்களிடமே போய், என் தொழுகைக்கும் ஓதலுக்கும் நடுவே ஷைத்தான் புகுந்து குழப்புகிறான் என்று முறையிட்டார். அவன் பெயர் கின்ஸப், அவன் வருவது தெரிந்தால் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி இடப்பக்கம் மூன்று தடவை லேசாகத் துப்பு என்றார்கள். ‘முஸ்லிம்’ என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. ‘நீ தொழுததெல்லாம் வீண்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள். தொழுகையை நீட்ட எண்ணி நிற்பேன், குழந்தை அழும் சத்தம் கேட்டால் தாய் தவிப்பாளே என்று சுருக்கிக்கொள்வேன் என்று நபியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் காதிலும் குழந்தை அழுகை விழுந்திருக்கிறது.

இன்னொரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேலைப்பாடு போட்ட கம்பளி ஒன்றை உடுத்தி நபியவர்கள் தொழுதார்கள். பார்வை ஒரு தடவை அந்த வேலைப்பாட்டில் போய்விட்டது. தொழுது முடித்ததும், இதை அபூ ஜஹ்மிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவருடைய சாதாரணக் கம்பளியை வாங்கி வாருங்கள், இது என் தொழுகையில் கவனத்தைத் திருப்பிவிட்டது என்றார்கள். மனசோடு மல்லுக்கட்டவில்லை, துணியை மாற்றினார்கள். அவ்வளவுதான்.

நீங்களும் துணியிலிருந்தே ஆரம்பிக்கலாம். இப்போது கடையில் விற்கிற முஸல்லாக்களில் (தொழுகை விரிப்புகளில்) கஅபா படம், மினாரா, ஜரிகைக் கரை எல்லாம் இருக்கிறது. ஸஜ்தாவில் நெற்றி வைக்கும் இடத்தில் ஒரு ஊரே இருந்தால் கண் சுற்றிப் பார்க்கத்தானே செய்யும்? எங்கள் பக்கம் முன்பெல்லாம் பத்தமடைக் கோரைப்பாய்தான். எனக்கு இன்றும் கரை போடாத வெறும் பாய்தான். அடுத்தது போன். சைலண்டில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள், ஸஜ்தாவில் அது நழுவி நெற்றிக்கு முன்னால் விழுந்து வெளிச்சம் போடும். யார் மெசேஜ் என்று படித்துவிட்டுத்தான் தலை நிமிரும். அதை வேறு அறையில் வையுங்கள். அப்புறம், இமாம் குனியும் ருகூவைப் பிடிக்க பைக் ஸ்டாண்டிலிருந்து ஓடாதீர்கள். நிதானமாக நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், விட்டதைப் பூர்த்தி செய்யுங்கள் என்பது ஹதீஸ். மூச்சிரைக்க ஸஃப்பில் (வரிசையில்) வந்து நிற்பவருக்கு முதல் ரக்அத் மூச்சு வாங்குவதிலேயே போய்விடும். இத்தனையும் செய்த பிறகும் ஆபீஸ் வரும். வந்தால் ஓதிக்கொண்டிருக்கும் ஆயத்துக்கு (வசனத்துக்கு) திரும்புங்கள். அதன் அர்த்தம் தெரிந்திருந்தால் திரும்புவது சுலபம். குல்ஹுவல்லாஹு சூராவிலிருந்து ஆரம்பியுங்கள், நாலே ஆயத்து.

*

கேள்வி: விடிந்ததிலிருந்து அடுப்படி, மாமிக்கு மருந்து, பிள்ளைகளுக்கு ஸ்கூல், மிச்ச நேரத்தில் பீடி சுற்றுவது. ஐந்து வேளை தொழுவதோடு சரி, ஓதவோ திக்ர் (இறைநினைவு) செய்யவோ உட்கார முடிவதில்லை. மாதவிலக்கில் தொழுகை இல்லாத நாட்களில் அதுவும் அறுந்துபோகிறது. குளித்த பிறகு பழைய ஒழுங்குக்கு வர நாளாகிறது. நான் என்ன செய்ய, டீச்சர்?
(பெயர் வேண்டாம் என்ற சகோதரி, கடையநல்லூர்)

நபியவர்களின் மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குத் திருகையில் மாவரைத்து அரைத்துக் கை காய்த்துப் போயிருந்தது. வாப்பாவிடம் கைதிகள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, வேலைக்கு ஓர் ஆள் கேட்கப் போனார்கள். நபியவர்கள் வீட்டில் இல்லை. நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். இரவு, கணவனும் மனைவியும் படுத்த பிறகு நபியவர்கள் வந்தார்கள். எழப் போனவர்களை அப்படியே இருங்கள் என்று சொல்லி நடுவில் உட்கார்ந்தார்கள். அவர்கள் பாதத்தின் குளிர்ச்சியை என் நெஞ்சில் உணர்ந்தேன் என்கிறார் கணவர் அலீ (ரலி). நீங்கள் கேட்டதைவிட நல்லது சொல்லட்டுமா என்று கேட்டு, படுக்கப் போகும்போது ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். அதன் பிறகு அலீ அதை விட்டதே இல்லை, ஸிஃப்பீன் போர் நடந்த இரவில்கூட.

இந்த ஹதீஸை பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) சொல்லி, பெண்களே பொறுமையாக இருங்கள் என்று முடித்துவிடுகிற ஆண்களைப் பார்த்திருக்கிறேன். இது இருக்கிற அதே புகாரி ஹதீஸ் தொகுப்பில் உள்ள இன்னொன்றை அவர்கள் ஏனோ எடுப்பதில்லை. நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு ஆயிஷா, வீட்டாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் கிளம்பிவிடுவார்கள் என்றார்கள். உங்கள் மாமி உங்கள் வீட்டுக்காரரைப் பெற்றவர்தானே? ராத்திரி மருந்தை அவர் எடுத்துக் கொடுக்கட்டும். இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். அந்தப் பத்து நிமிஷம் உங்களுக்கு.

இனி பீடி. நான் பீடி சுற்றுகிற வீட்டில் வளர்ந்தவள். நனைத்து வைத்த இலையைத் தகரத்தை வைத்து அளவாக வெட்டுவது, தூள் வைத்துச் சுருட்டுவது, நூல் கட்டுவது, வாயை மடக்குவது, இதெல்லாம் உம்மாவுக்குக் கண்ணால் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. விரல் தன்னால் ஓடும். ஒரு பீடிக்கு ஒரு ஸலவாத் (நபிக்கான வாழ்த்து) என்று வைத்திருந்தார்கள். உதடு அசையும், சத்தம் வராது. 25 சேர்ந்தால் ஒரு கட்டு, 25 ஸலவாத்து. பக்கத்து வீட்டு ராத்தா யார் வீட்டிலோ நடந்த பெண் பார்க்கும் கதையோடு வந்தால் ஸலவாத் நிற்கும், அவர் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். உட்கார்ந்து செய்கிற திக்ருதான் திக்ரு என்று யார் சொன்னது? (புகையிலைத் தொழில் சரியா என்று சண்டைக் கடிதம் எழுத நினைப்பவர்கள், முதலில் அந்தப் பெண்களுக்கு வேறு வேலை பார்த்துக் கொடுத்துவிட்டு எழுதுங்கள்.)

தொழாத நாட்களுக்கு ஹனஃபி மத்ஹபு (சட்டப் பிரிவு) நூல்களில் அருமையான ஒரு யோசனை இருக்கிறது. தொழுகை நேரம் வந்ததும் ஒளு (தொழுகைக்கு முன் கழுவுதல்) செய்து, வழக்கமாகத் தொழும் இடத்தில் உட்கார்ந்து, தொழ ஆகும் நேரம் அளவுக்குத் தஸ்பீஹ் (இறைத்துதி) சொல்வது நல்லது, பழக்கம் விட்டுப்போகாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நீங்கள் ஷாஃபி பிரிவு என்றால் ஒளுவை விட்டுவிட்டு, உட்காருவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நபியவர்கள் எல்லா நேரங்களிலும் அல்லாஹ்வை நினைவுகூர்வார்கள் என்பது ஆயிஷா அவர்களின் வாக்கு. பாங்கு (தொழுகை அழைப்பு) சொன்னால் எழுந்து அந்த மூலைக்குப் போகிற கால், அந்த நாட்களிலும் போகட்டும். குளித்த பிறகு நீங்கள் புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருக்காது.

*

கேள்வி: ஒளு செய்யும்போது கை நனைந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்து மறுபடி மறுபடி கழுவுகிறேன். ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) தவறிப்போகிறது.
(கல்லூரி மாணவர், வாணியம்பாடி)

குழாயை மூடுங்கள். ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நபியவர்கள் ஒரு முத் தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்கிறார் அனஸ் (ரலி). இரண்டு கையையும் சேர்த்து அள்ளினால் வருகிற அளவுதான் ஒரு முத். நீங்கள் ஒரு செம்பே வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. தண்ணீர் தீர்ந்துவிடும் என்று தெரிந்தால், கண் தானாகக் கையைப் பார்க்கும். மூன்று தடவைக்கு மேல் போகிறவர் வரம்பு மீறுகிறார் என்று ஹதீஸ் இருக்கிறது. நாலாவது தடவை சுத்தத்தைக் கூட்டாது.

இதையெல்லாம் செய்தும் தினமும் அரை மணி நேரம் குழாயடியிலேயே போகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

*

கேள்வி: ரூமுக்கு வந்து ஊருக்கு வீடியோ கால் பேசி, அப்புறம் ரீல்ஸ் பார்த்துத் தூங்க ஒரு மணி ஆகிவிடுகிறது. சுபுஹு (விடியல் தொழுகை) போய்விடுகிறது. நாலு அலாரம் வைத்தும் பயனில்லை.
(தம்மாமில் வேலை பார்ப்பவர்)

அலாரத்தை விடுங்கள். சுபுஹு தவறுவது முந்தின ராத்திரியில். இஷாவுக்கு (இரவுத் தொழுகைக்கு) முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபியவர்கள் விரும்பவில்லை என்று அபூ பர்ஸா (ரலி) அறிவித்திருக்கிறார். எண்ணெய் விளக்கு எரிந்த காலத்திலேயே அப்படி. அதனால் ஊருக்குப் பேசுவதை இஷாவுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். இங்கே மணி உங்களைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பிள்ளைகளும் அரைத் தூக்கத்தில் இல்லாமல் நன்றாகப் பேசுவார்கள். இஷா தொழுத பிறகு போன் சார்ஜரில், சார்ஜர் கதவுப் பக்கம். படுக்கையை ஒரு தட்டுத் தட்டி விரியுங்கள், அதுவும் சுன்னத்துதான் (நபிவழிதான்). கடையநல்லூர் சகோதரிக்குச் சொன்ன 33, 33, 34 உங்களுக்கும் சேர்த்துத்தான்.

*

கேள்வி: ரமலானில் தராவீஹ் தொழுகை, தினமும் ஒரு ஜுஸ்வு (குர்ஆனில் முப்பதில் ஒரு பங்கு), ராத்திரி எழுந்து தஹஜ்ஜுத் தொழுகை என்று இருந்தேன். பெருநாள் முடிந்ததும் பழைய குருடி கதவைத் திறடி. ஒரு டைரி போட்டு எல்லாவற்றையும் டிக் செய்யலாம் என்று இருக்கிறேன். எப்படிப் போடுவது?
(ஆசிரியை, அதிராம்பட்டினம்)

கணக்கு டீச்சரிடம் கேட்டால் பெரிய அட்டவணையாகப் போட்டுக் கொடுப்பாள் என்று நினைத்தீர்களாக்கும்! எனக்கு இந்த டிக் டைரிகளைக் கண்டாலே ஆகாது. முதல் வாரம் எல்லாக் கட்டமும் நிறையும், அதைப் பார்த்து நமக்கே நம்மேல் ஒரு மதிப்பு வரும். மூன்றாவது வாரம் கட்டம் காலியாகும், டைரி அலமாரிக்குள் போகும். இரண்டுமே நஷ்டம்.

கணக்குப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி இஹ்யா என்ற நூலில் இதை வியாபாரியை வைத்துச் சொல்கிறார். கூட்டாளியிடம் முதலைக் கொடுக்கும்போது காலையில் நிபந்தனை போடுகிறோம், பகலில் ஒரு கண் வைத்திருக்கிறோம், மாலையில் கணக்குக் கேட்கிறோம். நஃப்ஸிடமும் (உன் மனசிடமும்) அப்படியே நட என்கிறார். அதற்கு நோட்டு எதற்கு? விளக்கை அணைத்த பிறகு, இன்று யாரிடம் என்ன பேசினேன் என்று காலையிலிருந்து ஓட்டிப் பாருங்கள். டிக் போட முடியாத சங்கதி எல்லாம் அங்கேதான் வரும். தஹஜ்ஜுத் தொழுத அன்றைக்கே வேலைக்காரப் பெண்ணிடம் எரிந்து விழுந்திருப்போம்.

அமலில் (நற்செயலில்) ஒன்றை மட்டும் பிடியுங்கள். அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது குறைவாக இருந்தாலும் விடாமல் செய்வதுதான் என்பது ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ். ஒரு ஜுஸ்வு வேண்டாம், சுபுஹுக்குப் பிறகு அரைப் பக்கம். ஸ்கூல் பஸ் சீக்கிரம் வருகிற நாளிலும் செய்ய முடிகிற அளவாக வையுங்கள். காய்ச்சல் வந்தாலும் முடியுமா என்று யோசித்து, இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.

*

கேள்வி: நான் முஸ்லிம் அல்ல. பக்கத்து வீட்டு பாய் ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். இலையில் ஒரு பருக்கை விடமாட்டார், கை கழுவும் முன் விரலைச் சப்புவார். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இது உங்கள் வழக்கமா, அவருடைய சுபாவமா?
(வாசகர், மதுரை)

வழக்கம்தான். உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் (இறையருள்) இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் தட்டை வழித்து விரலைச் சுவைத்துவிடுங்கள் என்பது நபியவர்கள் சொன்னது. கவளம் கீழே விழுந்தால் அழுக்கைத் தட்டிவிட்டுச் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பாட்டைக் குறை சொன்னதே இல்லை. பிடித்தால் சாப்பிடுவார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். எங்கள் கல்யாண வீடுகளில் ஒரே சஹனில் (பெரிய தட்டில்) நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், கறித்துண்டு எதிர்ப்பக்கம் இருந்தாலும் கை தாண்டக் கூடாது. சிறு வயதில் அந்தப் பாடம் லேசில் வராது.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு சாப்பாடு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்றும் எங்களுக்குச் சொல்லியிருக்கிறது. நீங்கள் அன்பு மிகுதியில் இன்னொரு கரண்டி வைத்தால், அந்த மனுஷன் இலையில் மிச்சமும் வைக்க முடியாமல், மூச்சுக்கு இடமும் இல்லாமல் தவித்துப்போவார். அடுத்த பொங்கலுக்குக் கேட்டுக் கேட்டுப் பரிமாறுங்கள்.