மதிப்பீடு எழுதுபவர் மனத்தைத் திறக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. ஒன்பது பேர் கொண்ட குழுவுக்குத் தலைவியாகப் பணிபுரிகிறேன். அவர்களில் ஒருவர் மீது, என்னைவிட இரண்டு வயது இளையவர், ஓராண்டாக எனக்கு விருப்பம் வளர்ந்திருக்கிறது. இருவரும் திருமணமாகாதவர்கள். வேலை முடிந்த பிறகும் அவர் நின்று பேசிவிட்டுப் போவதையும், நான் சோர்ந்திருக்கும் நாட்களில் அக்கறையோடு விசாரிப்பதையும் பார்த்தால் அவருக்கும் அதே எண்ணம் இருப்பதாகத் தோன்றுகிறது. அடுத்த மாதம் அவருடைய பதவி உயர்வுக்கான பரிந்துரையை நான்தான் எழுத வேண்டும். ஆண் மேலாளர்கள் பெண் ஊழியர்களைத் தொந்தரவு செய்வது போன்றதல்ல இது, தயங்காமல் சொல்லிவிடு என்கிறார் என் தோழி. சொல்லலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் அன்பின் உண்மையில் எனக்கு ஐயம் இல்லை. ஆயினும், அவர் உங்கள் பொறுப்பின் கீழ் இருக்கும் வரை அதை அவரிடம் சொல்லாதீர்கள். மறைமுகமாக உணர்த்திப் பார்ப்பதும் வேண்டாம்.

நீங்கள் குறிப்பிட்ட அடையாளங்களையே முதலில் எடுத்துக்கொள்வோம். வேலை முடிந்தும் நின்று பேசுகிறார், உங்கள் சோர்வைக் கவனிக்கிறார். காதல் கொண்டவர் இப்படி நடந்துகொள்வார். இயல்பிலேயே அன்பான ஒருவரும் இப்படித்தான் நடந்துகொள்வார். தன் எதிர்காலம் யாருடைய கையில் இருக்கிறதோ அவருடைய மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள நினைப்பவரும் இப்படியே நடந்துகொள்வார். இம்மூன்றில் எது என்பதை உங்கள் இருக்கையில் அமர்ந்துகொண்டு உங்களால் கண்டறிய முடியாது. ஏனெனில் அந்த இருக்கையே அவருடைய நடத்தையை ஓரளவு தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. நாளை நீங்கள் கேட்டு அவர் சம்மதித்தால்கூட, அந்தச் சம்மதத்தில் எவ்வளவு அவருடைய விருப்பம், எவ்வளவு உங்கள் பதவியின் எடை என்ற கேள்விக்கு உங்களிடம் விடை இருக்காது. அன்பு வைத்திருக்கும் ஒருவருக்கு இதைவிட வேதனையான நிலை வேறில்லை என்று நான் நினைக்கிறேன்.

மறுத்தால் பழிவாங்கும் குணம் எனக்கு இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் நம்புகிறேன். ஆனால் அவர் எதை வைத்து நம்புவார்? மறுத்த பிறகு அவருடைய ஓர் அறிக்கையில் நீங்கள் நியாயமாகவே பிழை சுட்டினாலும், அவருக்கு அது அந்த மறுப்பின் விளைவாகத்தான் தெரியும். அதற்கு அஞ்சி நீங்கள் பிழையைச் சுட்டாமல் விட்டால், அவர் தொழிலில் வளரும் வாய்ப்பைக் கெடுத்தவர் ஆவீர்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986-இல், மெரிட்டர் சேமிப்பு வங்கி வழக்கில், இந்த இடத்தைத் துல்லியமாகத் தொட்டது. மேலதிகாரியுடனான உறவுக்கு ஊழியர் உடன்பட்டாரா என்பது மட்டும் தீர்ப்புக்குப் போதாது, மேலதிகாரியின் அணுகுமுறை அவருக்கு உள்ளபடியே விருப்பமானதாக இருந்ததா என்றே பார்க்க வேண்டும் என்று அது கூறியது. உடன்படுவதும் விரும்புவதும் வெவ்வேறாக இருக்க முடியும் என்பதை, யாருக்கேனும் கீழ் வேலை பார்த்த எவரும் அறிவர்.

உங்கள் தோழியின் வாதத்தை நான் ஏற்கவில்லை. பரிந்துரையை எழுதும் கை பெண்ணுடையது என்பதால் அதன் அதிகாரம் குறைந்துவிடுவதில்லை. சொல்லப்போனால், பெண் மேலாளரால் தர்மசங்கடத்துக்கு உள்ளாகும் ஆண் அதை வெளியே சொன்னால் கேலிக்கு ஆளாகிறார். ஆகவே அவர் பேசாமல் இருந்துவிடும் வாய்ப்பே அதிகம். அந்த மௌனம் உங்களுக்குச் சம்மதமாகத் தோன்றிவிடக் கூடாது.

மற்ற எட்டுப் பேரும் இருக்கிறார்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மேலதிகாரி தனக்கு நெருக்கமானவர்களுக்குப் பரவலாகச் சலுகை காட்டினால், அந்த உறவில் தொடர்பே இல்லாத ஊழியர்களும் வழக்குத் தொடரலாம் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. நீங்கள் எள்ளளவும் சலுகை காட்டாவிட்டாலும், அவர் தகுதியால் பெற்ற பதவி உயர்வை உறவால் பெற்றது என்று அலுவலகம் பேசும். அந்தப் பேச்சின் சுமை அவர் மீதுதான் விழும். மூத்தவர்களும் இதில் தப்புவதில்லை: இன்டெல் தலைவர் பிரையன் கிர்சானிச் 2018-இல் பதவி விலகியதும், மெக்டொனால்ட்ஸ் தலைவர் ஸ்டீவ் ஈஸ்டர்புரூக் 2019-இல் நீக்கப்பட்டதும், இருவர் சம்மதத்துடன் அமைந்தவை என்று அந்நிறுவனங்களே சொன்ன உறவுகளின் பொருட்டுத்தான்.

மிஷல் ஒபாமாவும் பராக் ஒபாமாவும் அலுவலகத்தில்தானே சந்தித்தார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. உண்மைதான், 1989-இல் ஒரு சட்ட நிறுவனத்தில் பராக்குக்கு வழிகாட்டியாக மிஷல் நியமிக்கப்பட்டிருந்தார். ஆனால் அங்கே முதலில் கேட்டவர் இளநிலையில் இருந்தவர். அந்த நிலையைச் சுட்டித் தயங்கியவர் மிஷல். பராக் அங்கே ஒரு கோடைக்காலப் பயிற்சிக்காக மட்டுமே வந்திருந்தார். உங்களிடமும் அவரே முதலில் வந்து சொன்னால், நான் உங்கள் மேலாளராக இருக்கும் வரை இதைப் பேச முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது, வரிசைதான் முக்கியம். முதலில் அதிகாரத்தை விலக்க வேண்டும், கேள்வி அதன் பிறகு வர வேண்டும். அடுத்த மாதப் பரிந்துரையிலிருந்து இப்போதே விலகுங்கள். உங்கள் மேலதிகாரியிடமோ மனிதவளத் துறையிடமோ, இவர் விஷயத்தில் என்னால் நடுநிலையோடு மதிப்பிட முடியாது, இதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை, அவருக்கு இது தெரியவும் தெரியாது என்று சொல்லி, வேறொருவர் மதிப்பிடும்படி எழுத்தில் கேளுங்கள். இதைச் சொல்வது உங்களுக்குக் கடினமாக இருக்கும். ஆனால் இதனால் அவருடைய பதவி உயர்வு ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது.

அடுத்து, உங்களில் ஒருவர் இடம் மாற வேண்டும் என்றால் மாற வேண்டியவர் நீங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் இளநிலையில் இருப்பவரையே நகர்த்துகிறார்கள். அது எனக்கு அநீதியாகவே படுகிறது. விருப்பம் உங்களுடையது என்னும்போது அதன் விலையை அவர் ஏன் கொடுக்க வேண்டும்? மாறிய பிறகும் சில மாதங்கள் பொறுத்திருங்கள். பிறகு, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஓரிடத்தில், நேரடியான சொற்களில், ஒரே ஒரு முறை கேளுங்கள். தயக்கமான பதில் வந்தாலும், பேச்சை மாற்றினாலும் அதை மறுப்பாகவே கொள்ளுங்கள். சம்மதித்தால், உங்கள் நிறுவனத்தின் விதிப்படி இருவருமாகத் தெரிவித்துவிடுங்கள்.

குழுவை விட்டு விலக முடியாத நிலை என்றால், சொல்லாமல் இருப்பதைத் தவிர வேறு யோசனை என்னிடம் இல்லை. அப்போதும் அந்தப் பரிந்துரையை நீங்கள் எழுதாதீர்கள்.