வெள்ளித்தட்டும் ஒரு சாவியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளியில் உவமை, உருவகம் படித்ததோடு சரி. இப்போது விமர்சனக் கட்டுரைகளில் படிமம், குறியீடு என்றெல்லாம் வருகிறது. 'நிலா ஒரு வெள்ளித்தட்டு' என்ற வரி உருவகமா, படிமமா, குறியீடா? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அங்கதமும் வஞ்சப்புகழ்ச்சியும் ஒன்றுதானா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்வியில் இருக்கும் 'ஆ'தான் சிக்கல். ஒருவரிடம் 'நீங்கள் உயரமா, இடதுகைப் பழக்கமா?' என்று கேட்பதுபோல இருக்கிறது. இரண்டுமாக இருக்கலாமே.

உவமை, உருவகம் என்பவை வரி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் பெயர்கள். மதிமுகம் என்றால் மதி போன்ற முகம், உவமை. முகமதி என்றால் முகமாகிய மதி, உருவகம். இதை இலக்கணமே தீர்த்துவிடும்.

படிமம் நிகழ்வது வாசிப்பவர் மனத்தில். கண்ணோ காதோ மூக்கோ, ஏதாவது ஒரு புலன் விழித்துக்கொள்ள வேண்டும். குறுந்தொகையின் 40ஆம் பாட்டில் இரு நெஞ்சங்கள் 'செம்புலப் பெயல்நீர் போல' கலக்கின்றன. 'போல' இருக்கிறது, எனவே உவமை. ஆனால் செம்மண்ணில் விழுந்து நிறமேறி ஓடும் மழைநீர் கண்ணில் தெரிகிறது. மண்ணையும் நீரையும் இனிப் பிரிக்க முடியாது என்பதையும் அந்தக் காட்சியே சொல்லிவிடுகிறது. அது படிமம். இயற்பெயர் தெரியாத அந்தப் புலவரை நாம் செம்புலப்பெயனீரார் என்றே அழைக்கிறோம். உங்கள் வெள்ளித்தட்டு? உருவகம்தான். ஆனால் எத்தனையோ கவிஞர்கள் சாப்பிட்டுக் கழுவி வைத்த தட்டு அது. எனக்கு அதில் நிலா தெரியவில்லை.

குறியீட்டை ஒற்றை வரியில் தேடாதீர்கள். ஒரு கதையில், வீட்டை விற்ற பிறகும் மூதாட்டி ஒருத்தி பழைய சாவியை இடுப்பில் செருகி வைத்திருக்கிறாள் என்று வையுங்கள். முதலில் அது துருவாடை அடிக்கும் வெறும் சாவி. மகன் வீட்டில் சண்டை வரும்போது அவள் கை அதைத் தடவுகிறது. மருத்துவமனையில் நர்ஸ் அதை வாங்கி வைக்கும்போது பதறுகிறாள். கதை போகப் போகச் சாவி கனத்துக்கொண்டே வருகிறது. அப்போது அது குறியீடு. ஆனாலும் கடைசிவரை சாவியாகவும் இருந்தாக வேண்டும். 'சாவி என்றால் உரிமை' என்று அகராதிபோலப் பொருள் எழுதும் விமர்சனத்தைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். (ஒரு காலத்தில் நானும் அப்படி எழுதியவன்தான்.)

அப்புறம், அங்கதம். தொல்காப்பியத்திலேயே இருக்கும் சொல் அது. வெளிப்படையாகச் சாடினால் செம்பொருள் அங்கதம், மறைத்துச் சாடினால் பழிகரப்பு அங்கதம். புகழ்வதுபோலப் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சி, அப்படி மறைப்பதற்கு வசதியான ஒரு வழி. 'தேவர் அனையர் கயவர்', அதாவது கயவர் தேவரைப் போன்றவர்கள் என்று தொடங்குகிறது 1073ஆம் குறள். காரணம் அப்புறம்தான் வருகிறது: இருவருமே மனம்போனபடி நடப்பவர்களாம். முதல் மூன்று சொற்களோடு எழுந்து போன கயவர் யாராவது இருந்தால், மகிழ்ச்சியாகவே வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.