பேஸ்பால்: சம்பளமும் சம்பிரதாயமும் – கேள்வி பதில்

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் வரலாறு, மரபுகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் எப்போது தொடங்கியது?

ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் அணி, 1869ஆம் ஆண்டின் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ். அதற்கு முன்பும் பணம் கைமாறியதுண்டு. ஆனால் அது திரைமறைவில் நடந்தது, அல்லது பெயருக்கு ஒரு வேலை கொடுத்து அந்தக் கணக்கில் எழுதப்பட்டது. அணியை நடத்திய ஹாரி ரைட் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். சின்சினாட்டிக்கு அவர் வந்ததே கிரிக்கெட் பயிற்றுநராகத்தான். அவருக்கு 1,200 டாலர். அவரைவிடச் சிறப்பாக ஆடிய தம்பி ஜார்ஜுக்கு 1,400 டாலர். வயதையும் உறவையும் பாராமல் ஆட்டத்தைப் பார்த்துச் சம்பளம் வைத்ததையே தொழில்முறையின் உண்மையான தொடக்கமாக நான் கருதுகிறேன்.

கண்டத்தைக் கடக்கும் ரயில் பாதை முடிந்த சில மாதங்களிலேயே சான் பிரான்சிஸ்கோ வரை சென்று ஆடிய அந்த அணி, அவ்வாண்டில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. 1870 ஜூன் 14 அன்று புரூக்ளினில் அட்லாண்டிக்ஸ் அணியிடம் பதினொரு இன்னிங்ஸ் ஆடி 8–7 என்று தோற்ற பிறகு கூட்டம் குறையத் தொடங்கியது. அந்த ஆண்டு முடிவில் சம்பளம் கொடுப்பதையே அணியின் சங்கம் நிறுத்திவிட்டது. ஹாரி ரைட் பாஸ்டனுக்குச் சென்றபோது, அணியின் பெயரையும் கையோடு கொண்டுபோனார்.

கேள்வி: ஆப்னர் டபிள்டே என்ற படைத்தளபதிதான் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்கிறார்களே?

இல்லை. ஆட்டம் எங்கே பிறந்தது என்று ஆராய 1905இல் அமைக்கப்பட்ட மில்ஸ் குழு, ஒரு முதியவரின் கடிதத்தை நம்பி, 1839இல் கூப்பர்ஸ்டவுனில் டபிள்டே உருவாக்கினார் என்று தீர்மானித்தது. அந்த ஆண்டில் அவர் வெஸ்ட் பாயின்ட் இராணுவப் பள்ளியில் மாணவர். ஆயினும் 1939இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தைக் கூப்பர்ஸ்டவுனில்தான் திறந்தார்கள். கதை பொய்த்த பிறகும் கட்டடம் அங்கேயே இருக்கிறது.

கேள்வி: பழைய ஆட்டக்காரர்கள் ஒரே அணியில் காலம் முழுவதும் இருந்தார்கள், இன்று அந்த விசுவாசம் இல்லையே, ஏன்?

நீங்கள் விசுவாசம் என்பதில் பெரும்பகுதி கட்டாயம். 1879இல் நேஷனல் லீக் அணிகளின் உரிமையாளர்கள், அணிக்கு ஐந்து ஆட்டக்காரர்களை மற்ற அணிகள் தொடக்கூடாது என்று தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். நாளடைவில் அது எல்லா ஒப்பந்தங்களிலும் ஏறியது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அதே முதலாளிக்கே உரியவர். முதலாளி விரும்பினால் அவரை இன்னோர் அணிக்கு மாற்றலாம், ஆனால் அவராக எங்கும் போக முடியாது.

இதை எதிர்த்து நின்றவர் கர்ட் ஃபிளட். செயின்ட் லூயிஸ் அணிக்குப் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய அவரை 1969 அக்டோபரில் கேட்காமலேயே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். தான் வாங்கி விற்கும் பொருளல்ல என்று லீக் ஆணையருக்குக் கடிதம் எழுதிவிட்டு, ஆண்டுக்கு 90,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர் 1970 பருவம் முழுவதும் ஆடாமலே இருந்து வழக்கு நடத்தினார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5–3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூன்றே ஆண்டுகளில், மெஸ்ஸர்ஸ்மித், மெக்நாலி என்ற இரு பிட்சர்களின் (பந்து வீசுபவர்களின்) முறையீட்டில், ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டார். பலன் ஃபிளட்டுக்குக் கிடைக்கவில்லை; அவருக்குப் பின் வந்தவர்களுக்குக் கிடைத்தது.

கேள்வி: ஏப்ரல் 15 அன்று எல்லோரும் 42ஆம் எண் சட்டை அணிவது ஏன்?

1947இல் அதே நாளில் ஜாக்கி ராபின்சன் 42ஆம் எண் சட்டையுடன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கி, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்திருந்த எழுதப்படாத தடையை உடைத்தார். 1997இல் அந்த எண்ணை, வேறெவருக்கும் கொடுக்காதபடி, எல்லா அணிகளிலும் ஓய்வுபெறச் செய்தார்கள். அவர் நினைவாக அந்த ஒரு நாள் மட்டும் எல்லோரும் அதை அணிகிறார்கள். இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. ரூப் ஃபாஸ்டர் 1920இல் கேன்சஸ் சிட்டியில் தொடங்கிய நீக்ரோ நேஷனல் லீக் முதலாக, கறுப்பினத்தவர் தமக்கென வளர்த்த லீக்குகள் இருந்தன. ராபின்சனை எடுத்துக்கொண்ட டாட்ஜர்ஸ், அவருடைய பழைய அணியான கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு ஒரு காசும் தரவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக, பார்வையாளர்களும் போனார்கள்; அந்த லீக்குகள் தேய்ந்து மறைந்தன. அவற்றின் கணக்குகள் 2024இல்தான், உச்சநிலை லீக்கான மேஜர் லீக்கின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. அதன்படி வாழ்நாள் பேட்டிங் சராசரியில் 0.372 என்ற கணக்குடன், அந்த லீக்குகளில் ஆடிய ஜாஷ் கிப்சன் முதலிடத்துக்கு வந்தார்.

கேள்வி: புதுப் பந்தின் மேல் சேறு பூசுவார்களாமே, உண்மையா?

உண்மைதான். 1920 ஆகஸ்டில் பிட்சர் கார்ல் மேஸ் வீசிய பந்து தலையில் பட்டு, எதிரணி ஆட்டக்காரர் ரே சாப்மன் மறுநாள் இறந்தார். மண்ணும் புகையிலை எச்சிலும் ஏறிக் கறுத்த ஒரே பந்தை விடாமல் பயன்படுத்திய காலம் அது. மங்கிய மாலை வெளிச்சத்தில் பந்து கண்ணில் பட்டிருக்காது என்பதே அன்றைய பேச்சு. அதன்பின் வெள்ளைப் பந்தை அடிக்கடி மாற்றலானார்கள். ஆனால் புதுப் பந்தின் தோல் வழுவழுப்பானது, விரல் பிடிக்காது. மைதானத்து மண்ணைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். தோலில் கீறல் விழுந்தது. 1938 வாக்கில் ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் பயிற்றுநர் லீனா பிளாக்பர்ன், நியூ ஜெர்சியில் டெலவேர் ஆற்றுப் பகுதியில் மாவைப் போல் நைசான ஒரு சேற்றைக் கண்டெடுத்தார். இன்றும் அந்தச் சேற்றை ஒரு துளி எடுத்து, ஈரக் கையால், தையல் கறுத்துவிடாதபடி ஒவ்வொரு பந்தாகத் தேய்க்கிறார்கள். பளபளப்பு போய்த் தோல் லேசாகப் பழுப்பேறினால் போதும். எடுக்கும் இடம் மட்டும் இன்றுவரை ரகசியம்.

கேள்வி: இந்தியர் எவரேனும் ஆடியிருக்கிறார்களா?

உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறியும் வீரர்களான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும், ஒரு தொலைக்காட்சிப் போட்டி வழியாக, 2008இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. கீழ்நிலை லீக்குகளில் ஆடினார்கள். மேஜர் லீகை எட்டவில்லை.

கேள்வி: கடிகாரம் இல்லாத ஆட்டம் என்பதே பேஸ்பாலின் பெருமை. 2023இல் பந்துவீச்சுக்கு நேரக் கட்டுப்பாடு வைத்தது மரபைக் கெடுப்பதாகாதா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. முந்தைய ஆண்டில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக இழுத்த ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம், அந்தக் கட்டுப்பாட்டால் சராசரியாக இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு வந்தது. 1980களில் ஆட்டம் பார்த்தவர்களுக்குப் பழகிய வேகம் அதுதான். மேலும், தளங்களில் (பேஸ்களில்) எதிரணி ஓட்டக்காரர் எவரும் இல்லாதபோது 12 நொடிக்குள் பந்து வீச வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் ஏற்கனவே இருந்தது. நடுவர்கள்தான் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்கள்.