சுமக்கிற முதுகுக்கும் பயிற்சி வேண்டுமா?

கேள்வி: எட்டு வருடங்களாகத் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். மாலையில் கொழுந்தை எடைபோட்டுவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்பும்போது இடுப்புக்கு மேலே கட்டை போல இறுகிவிடுகிறது. நாள் முழுவதும் சுமக்கிறவளின் முதுகு தானாகவே பலப்பட வேண்டாமா? ஜிம்முக்குப் போக வசதியில்லை. வீட்டிலேயே என்ன செய்யலாம்?
– வாசகி, ஹட்டன்

பதில்: சுமப்பதெல்லாம் பயிற்சியாகிவிடாது, சகோதரி. தசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கூட்டி, பின்பு அது தேறிக்கொள்ள ஓய்வும் கொடுப்பதுதான் பயிற்சி. மலையில் இவ்விரண்டுமே உங்கள் கையில் இல்லை. தலையில் மாட்டிய கூடைக்கயிறு பின்னுக்கு இழுக்க, செடியின் மேல் சாய்ந்தபடி மணிக்கணக்காக நிற்கையில், முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் நீண்ட தசைகள் பிடித்த பிடியிலேயே களைத்துப்போகின்றன. தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுக்கும் தசைகளுக்கோ அவ்வளவாக வேலை கிடைப்பதில்லை.

முதலில் குனியப் பழகுங்கள். ஒரு தும்புத்தடியின் கம்பை முதுகோடு நேராகப் பிடித்து, பின்தலை, தோள்பட்டைகளின் நடு, வால் எலும்பு ஆகிய மூன்றிலும் அது படும்படி நில்லுங்கள். முழங்கால்களைச் சற்றே தளர்த்தி, இரு கைகளிலும் குடம் இருக்கும்போது பின்பக்கத்தால் கதவைத் தள்ளிச் சாத்துவது போல இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனியுங்கள். கம்பு எந்த இடத்திலாவது விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். அந்த அளவோடு நிறுத்தி நிமிருங்கள். மலை ஏறி உரமேறிய உங்கள் கால்கள் இந்த வேலையை எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

இது கைவந்த பிறகு, அதே நிலையில் ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, மறுகையால் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கேனை முழங்கை விலாவை உரசிச் செல்லும்படி இடுப்பை நோக்கி இழுங்கள். நிறைந்த கேன் ஏறக்குறைய 5 கிலோ இருக்குமாதலால் பாதி நீரிலிருந்து தொடங்குங்கள். பக்கத்துக்கு 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று போதும்.

மூன்றாவது, பாயில் தவழும் நிலையில் இருந்து வலக்கையையும் இடக்காலையும் ஒருசேர நீட்டிப் பத்து விநாடிக்கு மேற்படாமல் நிறுத்தி, பின்பு பக்கம் மாற்றுவது. முதுகெலும்பு இயக்கவியலை ஆராய்ந்த கனடியப் பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகளுள் இதுவும் ஒன்று. பாடசாலையில் பழகிய, முழங்கால் மடக்காமல் கால்விரலைத் தொடும் பயிற்சியை மட்டும் விட்டுவிடுங்கள். நாள் முழுவதும் குனிந்தவர் வீட்டுக்கு வந்தும் முதுகை வளைத்துக் குனிவதில் என்ன லாபம்?

கிழமைக்கு இரண்டு நாட்களாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டலும் ஆகும். வேலையில்லாத ஞாயிறு ஒன்று, நடுவில் ஒரு மாலை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் விடியற்காலையில் எழுந்தவுடன், பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு)ப் புறப்படும் அவசரத்தில் செய்ய வேண்டாம். இரவு முழுவதும் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மென்தட்டுகள் அந்நேரத்தில் குனிவதை எளிதில் தாங்குவதில்லை.

வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலோ, எண்ணெய் தேய்த்து மறுநாள்வரை பார்த்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.