ஸ்லோடைவ் என்ற பிரிட்டிஷ் குழுவின் 'பிக்மேலியன்' போன்ற ஷூகேஸ் (shoegaze, கிட்டார் ஒலியைப் படலமாகப் பரப்பும் ராக் வகை) ஆல்பங்களின் முதல் பதிப்பு வினைல் இசைத்தட்டு ஏன் இவ்வளவு விலை?

அந்த வருடங்கள் அப்படி. 1990-களின் நடுவில் பிரிட்டனில் எல்லாரும் சிடிக்கு மாறியிருந்தார்கள். வினைலைக் குறைவாகத்தான் அச்சடித்தார்கள். 'பிக்மேலியன்' வந்தது 1995 பிப்ரவரியில். பிரிட்பாப் என்ற துள்ளலான பிரிட்டிஷ் கிட்டார் பாப் அலை உச்சத்தில் இருந்த நேரம், இந்த மெதுவான, பாதி மௌனமான இசையை யார் வாங்குவார்கள்? கொஞ்ச நாளிலேயே ஆல்பத்தை வெளியிட்ட கிரியேஷன் நிறுவனம் குழுவைக் கைவிட்டது. 2014-ல் அவர்கள் மறுபடி சேர்ந்தபோது ரசிகர் கூட்டம் பெருகியிருந்தது, பழைய தட்டுகள் பெருகவில்லை.

கேட்பதற்கு மட்டும் என்றால் மறுபதிப்பே போதும் என்பேன். அதே வகை இசைக்குழுவான மை பிளடி வாலன்டைனின் 'லவ்லெஸ்' (1991) இதற்கு நல்ல உதாரணம்: குழுவின் கிட்டார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸே மேற்பார்வையிட்டு அனலாக் டேப்பிலிருந்து தயாரித்த பதிப்பு 2018-ல் வந்தது. அசல்தான் வேண்டும் என்று பிடிவாதமா? சரி, அட்டையை மட்டும் நம்பாதீர்கள். கடைசிப் பாட்டுக்கும் நடு லேபிளுக்கும் இடையில் உள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து அனுப்ப விற்பவரிடம் சொல்லுங்கள். இசைத்தட்டுப் பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் (Discogs) தளத்தில் அந்தப் பதிப்புக்கான பக்கத்தோடு ஒப்பிடலாம். படம் அனுப்ப மறுக்கிற ஆளிடம் வாங்கவே வேண்டாம்.