திரைத்துறை இல்லாத ஊரில் விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோ: கேள்வியும் பதிலும்

வெளிநாட்டுப் படங்களின் விஎஃப்எக்ஸ் (கணினியில் உருவாக்கும் காட்சி விளைவுகள்) ஒப்பந்தங்களையும் கால அட்டவணைகளையும் கவனிக்கும் தயாரிப்புப் பிரிவில் நீண்ட காலமாகப் பணியாற்றும் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி: சினிமாவே எடுக்கப்படாத ஓர் ஊருக்குப் பெரிய விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோ வரப்போகிறது, நூற்றுக்கணக்கானோருக்கு வேலை கிடைக்கும் என்று அறிவித்தாலே நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். ஏன் ஐயா?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள போர்ட் செயின்ட் லூசி நினைவுக்கு வந்துவிடுகிறது, அதனால்தான். 2008-இல் வீட்டுமனைச் சந்தை சரிந்தபோது பலமாக அடிவாங்கிய நகரம் அது. 1993-இல் ஜேம்ஸ் கேமரூன், ஸ்டான் வின்ஸ்டன், ஸ்காட் ராஸ் ஆகியோர் தொடங்கிய டிஜிட்டல் டொமைன், பின்னர் வேறு முதலீட்டாளர்களின் கைக்கு மாறி, அந்நகரத்தில் ஸ்டுடியோ அமைக்க முன்வந்தது. 'டைட்டானிக்' படத்தின் காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் பெற்ற நிறுவனம் தேடி வருகிறதென்றால் எந்த நகராட்சி மறுக்கும்? மாநில அரசு 2 கோடி டாலர் மானியம் தந்தது. நகராட்சி நிலத்தையும் ரொக்கத்தையும் தந்ததோடு நில்லாமல், கட்டடத்துக்காகத் தன் பெயரில் ஏறத்தாழ 4 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்களையும் வெளியிட்டது. பதிலுக்குக் கிடைத்தது, 500 பேருக்கு வேலை என்ற வாக்குறுதி.

ஒரு லட்சம் சதுர அடிக்கும் மேற்பட்ட அந்தக் கட்டடம் 2012-இன் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் மூடப்பட்டது. ஏறத்தாழ 280 பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். சில நாட்களில் நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. ஸ்டுடியோ போய்விட்டது, கடன் பத்திரங்களுக்கான தவணை மட்டும் நகர மக்களின் தலையில் நின்றது.

கேள்வி: அது நிர்வாகத்தின் தவறுதானே? ஊரைக் குறை சொல்வது நியாயமா?

ஊரை நான் குறை சொல்லவில்லை. அந்த ஸ்டுடியோ யாருடைய வேலையை நம்பி அங்கே கட்டப்பட்டது என்பதுதான் என் கேள்வி. வெளிப் படங்களுக்கான வேலைகள் பெரும்பாலும் கலிபோர்னியாவிலும் வான்கூவரிலும் இருந்த கிளைகளில்தான் நடந்தன. ஃபுளோரிடாவின் பெரிய நம்பிக்கை, நிறுவனம் தானே தயாரிக்கத் திட்டமிட்டிருந்த ஓர் அனிமேஷன் படம். அந்தப் படம் வெளிவரவே இல்லை. பிறர் படத்துக்குக் கூலி வேலை செய்யும் நிறுவனம் சொந்தப் படமும் எடுப்பதில் பிழையில்லை, ஆனால் படம் வெளியாகி வசூல் வரும்வரை சம்பளம் கொடுக்கக் கையில் பணம் வேண்டும். மேலும், கட்டணம் செலுத்திப் படிக்க வரும் மாணவர்களை வைத்தே உழைப்பில் 30 விழுக்காட்டைப் பெறலாம் என்று முதலீட்டாளர்களிடம் பேசப்பட்டது வெளியே தெரிந்தபோது, தொழிலில் இருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். சம்பளத்துக்கு ஆளெடுத்தால் கணக்கு நிற்காது என்பதை அந்தத் திட்டமே சொல்லிவிட்டது என்பேன்.

திவாலுக்குப் பிறகு சீனாவின் கேலப்பிங் ஹார்ஸ் நிறுவனமும் இந்தியாவின் ரிலையன்ஸ் மீடியாவொர்க்ஸும் சேர்ந்து சுமார் 3 கோடி டாலருக்கு ஏலத்தில் எடுத்தது கலிபோர்னியா, வான்கூவர் ஸ்டுடியோக்களை மையமாகக் கொண்ட தொழிலைத்தான். ஆர்டர் இருந்த இடங்கள் பிழைத்துக்கொண்டன.

கேள்வி: ஆஸ்கர் வாங்கிய நிறுவனத்திடம்கூடக் கையிருப்பு இருக்காதா?

பெரும்பாலும் இருக்காது. ஷாட் ஒன்றுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை பேசி எடுப்பதுதான் இங்கே வழக்கம். நனைந்த தலைமுடியோடு நடிகை திரும்பிப் பார்க்கும் நான்கு விநாடி ஷாட் ஒன்று வருகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 24 ஃப்ரேம் வீதம் 96 ஃப்ரேம். முடிக்கற்றைகளின் விளிம்பை ரோட்டோ கலைஞர் ஃப்ரேம் ஃப்ரேமாகச் சரிபார்த்துப் பிரித்தெடுக்கிறார், பின்னணியில் மாலை வெயில் வைத்து காம்ப் (எல்லா அடுக்குகளையும் ஒரே காட்சியாக இணைக்கும் வேலை) முடிகிறது. பிறகு அது இரவுக் காட்சியாக இருக்கட்டும் என்கிறார் இயக்குநர். முடி விளிம்பில் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிறத்தை நீக்கியாக வேண்டும். அதற்கடுத்த வாரம் எடிட்டர் ஷாட்டை அரை விநாடி நீட்டுகிறார். கூடுதலாக வந்த 12 ஃப்ரேமுக்கு மேட்ச்மூவ் (கேமரா அசைவைக் கணினியில் பொருத்துவது), ரோட்டோ, பெயிண்ட் (வேண்டாதவற்றை அழித்துச் சரிசெய்வது), லைட்டிங் என்று ஒவ்வொரு துறையும் மறுபடி கை வைக்க வேண்டும். மாற்றங்களுக்குத் தனியாகக் காசு கேட்க ஒப்பந்தத்தில் இடம் இருந்தாலும், அடுத்த படம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பலர் கேட்பதில்லை. இப்படி லாபம் கரையும் தொழிலில், அடுத்த படம் மூன்று மாதம் தள்ளிப்போனாலே சம்பளத்துக்குத் தடுமாற்றம்தான்.

கேள்வி: எல்லாம் இணையத்தில் அனுப்பப்படும் காலத்தில் ஸ்டுடியோ எந்த ஊரில் இருந்தால் என்ன?

கோப்புகள் போய்விடும், மனிதர்கள்தான் சிக்கல். படம் முடிந்ததும் ஆட்குறைப்பு நடப்பது இத்தொழிலில் சாதாரணம். வான்கூவரிலோ லண்டனின் சோஹோ பகுதியிலோ வேலை போனவர் அதே ஊரில் இன்னொரு ஸ்டுடியோவின் கதவைத் தட்டலாம். ஒரே ஒரு ஸ்டுடியோ உள்ள ஊரில் வேலை போனால் வீட்டைக் காலி செய்து, பிள்ளைகளின் பள்ளியையும் மாற்ற வேண்டும். இதை அறிந்த அனுபவசாலிகள் அங்கே குடிபெயரத் தயங்குகிறார்கள். அவர்கள் இல்லாத இடத்துக்குக் கடினமான ஷாட்களும் வருவதில்லை.

கேள்வி: நியூசிலாந்தின் வெலிங்டனில் வீட்டா என்ற விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோ எப்படி நிலைத்தது?

அங்கே வேலை முதலில் வந்தது, பெரிய கட்டடங்கள் பிறகு வந்தன. அந்த ஊர்க்காரரான இயக்குநர் பீட்டர் ஜாக்சன் நிறுவனர்களில் ஒருவர்; 2001 முதல் 2003 வரை ஆண்டுக்கொன்றாக வெளிவந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்கள் மூன்றின் வேலையும் ஒரே கூரையின்கீழ் தொடர்ந்து கிடைத்தது. அப்படியொரு வாடிக்கையாளரை எந்த மானியமும் கொண்டுவந்து தராது.

கேள்வி: அப்படியானால் அரசுச் சலுகைகளே வீணா?

வீண் என்று சொல்ல மாட்டேன். வான்கூவரும் மாண்ட்ரியலும் வளர்ந்ததற்கு வரிச்சலுகை முக்கியக் காரணம். ஆனால் சலுகைக்காக வந்தவர்கள் சலுகை குறைந்தால் கிளம்பிவிடுவார்கள். நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகெர்க்கி நகரில் சோனி இமேஜ்வொர்க்ஸ் அமைத்த கிளை 2012-இல் மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அம்மாநிலம் படத் தயாரிப்புச் சலுகைக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் என்று உச்சவரம்பு விதித்திருந்தது. மாண்ட்ரியல் போன்ற பெரிய மையமும் இதற்கு விலக்கல்ல: க்யூபெக் அரசு 2024 மார்ச்சில் சலுகையைக் குறைத்தபோது அங்கேயும் வேலைகள் சுருங்கின.

கேள்வி: பெரிய மையத்தில் இருந்தால் பாதுகாப்பா?

இல்லை. ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோ லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில்தான் இருந்தது. புதுச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' கதையின் புலியை உருவாக்கி 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கியபோது அது திவால் நடவடிக்கையில் இருந்தது. எம்பிசி, த மில் ஆகிய விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோக்களை நடத்திய டெக்னிகலர் 2025 பிப்ரவரியில் சரிந்தபோது லண்டனோடு பெங்களூருவும் சேர்ந்தே பாதிக்கப்பட்டது.

கேள்வி: சென்னையில் ரோட்டோ, பெயிண்ட் வேலை பார்க்கிறேன். சொந்த ஊருக்கு அருகில் ஒரு புதிய ஸ்டுடியோ அழைக்கிறது. போகலாமா?

அது தனி ஸ்டுடியோவா, பெரிய குழுமத்தின் கிளையா என்று முதலில் கேளுங்கள். டிஎன்இஜி என்ற விஎஃப்எக்ஸ் குழுமம் பஞ்சாபின் மொஹாலியில் கிளை நடத்துகிறது. பஞ்சாபில் ஹாலிவுட் படம் தயாராவதில்லை, ஆனாலும் குழுமத்தின் பிற ஸ்டுடியோக்கள் எடுக்கும் படங்களிலிருந்து வேலை வந்துசேர்கிறது. தனி ஸ்டுடியோ என்றால், கையெழுத்தான ஒப்பந்தம் எத்தனை மாத வேலைக்கு இருக்கிறது, வேலையை நேரடியாகப் பெறுகிறார்களா அல்லது இரண்டு மூன்று கைமாறி வருகிறதா, சூப்பர்வைசர் யார், வெளிநாட்டு ஸ்டுடியோக்கள் கேட்கும் பாதுகாப்புத் தணிக்கையில் தேறியிருக்கிறார்களா என்பதைக் கேளுங்கள். பெயரளவில் ஒரு படத்தைச் சொன்னால், அதில் எத்தனை ஷாட் என்றும் கேட்கலாம். உண்மையாகவே வேலை வைத்திருப்பவர் ரகசிய ஒப்பந்தத்தைக் காட்டிப் படத்தின் பெயரை மறைப்பாரே ஒழிய, ஷாட் எண்ணிக்கையைச் சொல்லத் திணற மாட்டார். பயிற்சிக் கட்டணம் கேட்டாலோ, அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் தாராளமாகப் போங்கள். வாடகையும் பயணமும் மிச்சமாவது சிறிய விஷயமல்ல. முதல் ஆண்டு முடியும்வரை சென்னையில் உள்ள தொடர்புகளை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஷோரீலில் (வேலை தேடும்போது காட்டும் மாதிரிக் காணொளியில்) சேர்க்க அனுமதி உள்ள ஷாட்களை அவ்வப்போது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூடிய ஸ்டுடியோவிடம் பிறகு போய் எதையும் கேட்டு வாங்க முடியாது.