பிரிட்ஜில் மிச்சமிருக்கும் பாணி மருந்து

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நாலு வயது மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், மூக்கு வடிகிறது, இருமல், சளியும் மஞ்சளாகிவிட்டது. போன மாதம் வாங்கிய அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் பாணி பிரிட்ஜில் மிச்சமிருந்ததால் இரண்டு வேளை கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டு ஆசிரியை, "இது வைரஸ், அதுக்கு இது கேட்காது" என்கிறாராம். வயலுக்குப் போகும் கணவருக்கும் நேற்றிலிருந்து காய்ச்சல், உடம்பு நோ. பாமசியில் நாலு கெப்சூல் வாங்கிப் போட்டிருக்கிறார். யாருக்கு எந்தக் கிருமி என்று எப்படி அறிவது என்பதுதான் கேள்வி.

சகோதரி, மகனுக்கு அந்தப் பாணியை நிறுத்துங்கள். கரைத்து ஒரு மாதமான மருந்து எப்படியும் பழுதாகியிருக்கும். ஆசிரியை சொன்னதும் அநேகமாகச் சரி. பற்றீரியா தனியாக உயிர்வாழும் ஒரு கலம். அதைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. அமொக்சிசிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுத்துத்தான் அதைக் கொல்கிறது. வைரசுக்குச் சுவரே இல்லை. அது நம்முடைய கலத்துக்குள் புகுந்து, அந்தக் கலத்தைக் கொண்டே பெருகுகிறது. அதனால் அங்கே இந்த மருந்துக்கு வேலை இல்லை.

மூக்கு வடிதல், தும்மல், இருமல் எல்லாம் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் வைரஸ்தான். சளி மஞ்சளானதும் பலர் பாமசிக்கு ஓடுகிறார்கள். அந்த நிறம் கிருமியின் நிறமல்ல, கிருமியோடு சண்டைக்கு வந்த நமது வெண்குருதிக் கலங்களால் வருவது. சாதாரணத் தடிமனிலும் இரண்டு மூன்று நாளில் சளி மஞ்சளாகும். காய்ச்சல் விட்ட பிறகும் இருமல் இரண்டு கிழமை இழுக்கலாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது மூச்சை. காய்ச்சல் தணிந்து, பிள்ளை அழாமல் இருக்கும் நேரத்தில் சட்டையைத் தூக்கிவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். வயிறு ஒரு தரம் ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. இந்த வயதில் 40 அல்லது அதற்கு மேல் வந்தாலோ, மூச்செடுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காது நோ வந்தாலும், விட்ட காய்ச்சல் திரும்ப ஏறினாலும் டொக்டரிடம் காட்டுங்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தம் சோதிக்க வேண்டும், ஏனென்றால் டெங்குவும் வைரஸ்தான். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் டெங்குவின் ஆபத்துக் காலம் தொடங்கும். பனடோல் மட்டும் கொடுங்கள், ஒரு கிலோ நிறைக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தரம். இபுபுரோபன், டைக்குளோபெனக் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் அந்தப் பாமசி. மருந்துச் சீட்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்க நம் நாட்டில் அனுமதி இல்லை. ஆனாலும் ரொட்டிக்கடையில் பரோட்டா கேட்பதுபோல "காய்ச்சலுக்கு நாலு தாங்க" என்றால் தருகிறார்கள். ஒரு தாய் கொண்டுவந்த கடதாசி உறையை என் மேசையில் கொட்டிப் பார்த்தேன். வெட்டிய அட்டையில் மூன்று கெப்சூல், பெயரில்லாத வெள்ளைக் குளிசை இரண்டு, அதோடு பாதியாக உடைத்த பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை. அது காய்ச்சலை அமுக்கிவிடும், வீட்டார் சுகம் என்று நினைப்பார்கள், உள்ளே நோய் வளரும். உறையில் பெயரும் அளவும் எழுதித் தராதவரிடம் மருந்து வாங்காதீர்கள். "இது பவர் கூட" என்று சொல்பவரிடம் அறவே வாங்காதீர்கள்.

அந்தத் தாயை ஏச எனக்கு மனம் வரவில்லை. விடிய ஐந்து மணிக்குப் போய் நம்பர் எடுத்து, பதினொரு மணிக்கு டொக்டரைக் கண்டு, இரண்டு நிமிடத்தில் ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் வெளியே வருபவர் அடுத்த முறை பாமசிக்குத்தான் போவார். சட்டம் போட்டவர்கள் ஒரு நாள் வந்து இந்த வரிசையில் நிற்கட்டும்.

இனி உங்கள் கணவர். அவருடைய காய்ச்சலை மகனிடமிருந்து தொற்றியது என்று விட்டுவிடாதீர்கள். வயல் வட்டைக்குள் இறங்கி வேலை செய்பவருக்குக் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சலை நினைக்கத்தான் வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து, கால் வெடிப்பு வழியாக ஏறுவது அது. அது பற்றீரியா. அன்டிபயோட்டிக் கேட்கும், அதையும் நேரத்தோடு கொடுக்க வேண்டும். கெண்டைக்காலை மெல்ல அமத்திப் பாருங்கள். துள்ளுகிற மாதிரி நோகிறதா? கண் சிவந்திருக்கிறதா? சிறுநீர் குறைந்திருக்கிறதா? ஒன்று இருந்தாலும் இன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், வயலில் நின்றதை நீங்களாகவே சொல்லுங்கள், கேட்கும் வரை இருக்காதீர்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் நாளைக்குக் காட்டுங்கள், தொடக்கத்தில் இதுவும் டெங்குவும் ஒரே மாதிரித்தான் இருக்கும். சிறுநீரகத்தைப் பிடித்த பிறகு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். வயல் வேலை தொடங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால், தடுப்புக்கு டொக்சிசைக்கிளின் தருவார்கள். கிழமைக்கு ஒரு தரம் 200 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு. கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அது ஆகாது, பங்கு போடாதீர்கள்.

போகும்போது அந்தப் பாணிப் போத்தலையும் கெப்சூலின் வெறும் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை வேளை கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். டொக்டர் ஏசினால் ஏசட்டும்.